எல் வடிவத்தில் ஒரு குழி

ஆறு முப்பத்தொன்று. ஏழு பத்துக்கு ஷெல்லடி தொடங்கும். ஏழு இருபத்தைந்துக்கு இந்தக் கவச வண்டியின் பின்கதவு இறங்கும், நாங்கள் ஓடவேண்டும். ஷெல்லடிக்கு இன்னும் முப்பத்தொன்பது நிமிடம் இருக்கிறது. முப்பத்தொன்பது நிமிடத்தில் ஒரு மனிதன் முகம் வழிக்கலாம், தேத்தண்ணீர் வைத்துக் குடிக்கலாம், கக்கூசுக்குப் போய் ஆறுதலாக இருந்துவிட்டு வரலாம். எனக்கு அதெல்லாம் வேண்டாம். ஒரு வசனம் சொன்னால் போதும். சேர், அந்த ஏழாம் நம்பர் துவக்கால் சுடுகிறவன் இருக்கிற குழி இல்லை, அது வீட்டுக்காரர் ஒளிகிற பங்கர். இவ்வளவுதான். ஆங்கிலத்தில் இன்னும் சின்னதாகவே வரும். லெப்டினன்ட் ரெம்பெல் என்னிலிருந்து நாலடி தூரத்தில், காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, மடியில் வரைபடத்தை விரித்துவைத்திருக்கிறார். மனிட்டோபாவில் கோதுமை விதைக்கிற வீட்டுப் பிள்ளை, வயது இருபத்தைந்து, எங்களைத் திட்டுவதென்றாலும் மன்னிக்கவேணும் என்றுதான் தொடங்குவார். முழங்கையில் தட்டினால் திரும்புவார். திரும்பிவிடுவார் என்பதுதான் எனக்குப் பயம். திரும்பி, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதிலைப் பத்து வருடமாக நான் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். அதுவும் சும்மா இல்லை, கற்பூரம் கொளுத்தி. ஆறு முப்பத்திரண்டு.

படம் இப்போது எதிரே இருக்கிற டெல்மரின் கையில் இருக்கிறது. பிளாஸ்டிக் உறை போட்ட படம், முந்தநாள் ஆளில்லா விமானம் மேலே நின்று எடுத்தது. ஏழு பேர் முழங்காலோடு முழங்கால் முட்டிக்கொண்டு இருக்கிற இந்தத் தகரப் பெட்டிக்குள் அது கை மாறி மாறி வருகிறது, கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் படத்தைப் பார்க்கக் கொடுப்பதைப் போல. கந்தஹாரில் ஓர் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கனேடியக் காலாட்படைப் பட்டாலியன் முழுதாக வந்து நிற்கிறது. அந்தப் பக்கம் ஒரு கிராமம். அதற்கு ஒரு பெயர் இருக்கும், அங்கே பிறந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்குத் தந்தது ஏழு சிவப்பு வட்டங்கள். ஒன்று பள்ளிக்கூடம், இரண்டும் மூன்றும் திராட்சை உலர்த்துகிற மண்வீடுகள், நாலு, ஐந்து, ஆறு வாய்க்கால் ஓரத்துக் குழிகள். அந்த மூன்றிலும் எனக்குச் சந்தேகமே இல்லை, மண்ணை முன்னால் அணையாகக் குவித்து, பின்னால் ஊர்ந்துபோக ஒரு வெட்டு வெட்டி, வயலைப் பார்த்தபடி இருக்கின்றன. சண்டைக்காரன் வெட்டினால் அப்படித்தான் வெட்டுவான், தன் முன்னால் யார் வருகிறான் என்று பார்க்கவேண்டும் அவனுக்கு. ஏழாவதைப் பாருங்கள். இல்லை, பாருங்கள் என்று யாரிடம் சொல்கிறேன். ஏழாவது ஒரு வீட்டு வளவின் பின்பக்கம், சமைக்கிற குசினிச் சுவரிலிருந்து ஆறேழு அடி தள்ளி இருக்கிறது. எல் வடிவம். மண் முன்னால் இல்லை, மேலே ஏற்றியிருக்கிறது, முழுவதும் கூரையில். வாய் வயலைப் பார்க்கவில்லை, குசினிக் கதவைப் பார்க்கிறது. தன் வீட்டுக் குசினியைச் சுடுகிறவன் உலகத்தில் இருக்கிறானா. அந்த வாய்க்கு இரண்டு ஒற்றையடிப் பாதைகள் வருகின்றன. ஒன்று குசினியிலிருந்து, மற்றது மதிலில் இருக்கிற ஓட்டை வழியாகப் பக்கத்து வளவிலிருந்து. பக்கத்து வீட்டுக்காரரும் இங்கேதான் ஓடிவருகிறார்கள். பாதை ஒடுக்கமாக இருக்கிறது, சின்னக் கால்கள் போட்ட பாதை. வெள்ளையாகத் தேய்ந்திருக்கிறது, ஒருநாள் இரண்டு நாளில் அப்படித் தேயாது. பட்டாலியனில் அறுநூறு பேர் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள். எல்லோருக்கும் தெரிந்தது இயந்திரத் துவக்கு வைத்த காப்பரண். எனக்கு மட்டும் குசினி தெரிந்தது. படம் திரும்பவும் என்னிடம் வந்துவிட்டது, நான் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுத்துவிட்டேன்.

அப்பா எங்கள் பங்கரை மூன்று நாளில் வெட்டினார். வன்னிக்கு இடம்பெயர்ந்து வந்து கொட்டில் போட்ட அடுத்த நாளே மண்வெட்டியை எடுத்துவிட்டார். வங்கியில் கிளார்க்காக இருந்த மனிதர், உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். எல்லாரையும்போல நேராக ஒரு கிடங்கு வெட்டினால் போதாதா என்று நான் கேட்டேன், பதினொரு வயது எனக்கு, எல்லாம் தெரிந்தவன். நேராக வெட்டினா வாசல்ல விழுகிற ஷெல்லின்ர துண்டு கடைசி ஆள்மட்டும் வந்திடும் மகன், மடக்கி வெட்டினா மடக்கில நிண்டிடும் என்றார். அதற்கு மேலே பனங்குற்றி, அதற்கு மேலே அம்மாவின் சேலைகளில் தைத்த மண்மூட்டை. கூறைச் சேலையை மட்டும் அம்மா தரவில்லை. எல்லாம் சரியாகச் செய்த அப்பா கிணற்றுக்குப் பக்கத்தில் வெட்டியதுதான் பிழை. அடியில் தண்ணீர் ஊறியது. தவளை வந்தது. தங்கச்சி நிரோஜாவுக்குத் தவளை என்றால் உயிர் போகும். ஷெல்லுக்குப் பயப்படமாட்டாள், தவளைக்குப் பயப்படுவாள், ஏழு வயது. சத்தம் கேட்டதும் எங்கள் பங்கருக்குள் இறங்காமல் வேலியில் கட்டிய ஓலைக் கிடுகைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வளவு ராசமணி அக்காவின் பங்கருக்கு ஓடிவிடுவாள். அது காய்ந்த பங்கர். உள்ளே பாய் விரித்து, சுவரில் மாடம் வெட்டி, அக்கா அதற்குள் பிஸ்கட் பேணியும் வைத்திருந்தா. நிரோஜாவின் கால் பட்டுப் பட்டே எங்கள் வேலியிலிருந்து அந்த வாய் வரைக்கும் ஒரு பாதை விழுந்தது, ஒரு பாதத்தின் அகலத்துக்கு. வேண்டாம். இதை இப்போது நினைக்க வேண்டாம். ஆறு நாற்பது. டீசல் மணமும் டெல்மர் புகையிலை துப்புகிற போத்தல் மணமும் சேர்ந்து நிற்கிறது.

சரி, பிழையாக இருந்தால்? எனக்கு வன்னிப் பங்கர்தான் தெரியும், கந்தஹார்ப் பங்கர் தெரியுமா. இங்கே பனை இல்லை, கிடுகு இல்லை, இவர்கள் நிலத்துக்குள் வாய்க்கால் ஓட்டுகிற ஆட்கள், வெங்காயம் பதுக்குகிற கிடங்காகக்கூட இருக்கலாம். சின்னக் கால் என்று சொன்னேனே, ஆட்டுக் காலாக இருந்தால்? ஆடும் ஒடுக்கமாகத்தான் பாதை போடும். எல்லாவற்றையும் விடு, துவக்குக்காரனுக்கு மூளை இல்லையா, வீட்டுக்காரரின் பங்கருக்குள் போய் இருந்துகொண்டு, நாங்கள் வாய்க்காலைத் தாண்டும்போது பக்கத்திலிருந்து அடித்தால்? அப்படி அடித்தால் முதலில் விழுகிறவன் டெல்மர், ஏனென்றால் எங்கள் வரிசையில் இடதுபக்க ஓரம் அவன்தான். டெல்மர் எனக்கு நேர் எதிரே இருக்கிறான். நியூஃபவுண்ட்லாந்துக்காரன், மீன்பிடிக் குடும்பம். அவன் பேசுகிற ஆங்கிலம் மற்றக் கனேடியர்களுக்கே விளங்காது, எனக்கு நன்றாக விளங்கும், என் காதில் அது எங்கள் கரையோர ஆட்களின் கதையாகத்தான் விழுகிறது. முதல் நாளே என் பெயரைக் கேட்டான். கேதீஸ்வரன் என்றேன். அதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு வைச்சிரு, வார நாளில நீ கீத் என்றான். அன்றிலிருந்து பட்டாலியன் முழுக்க நான் கீத். என்ன கீத், ஒரு மாதிரி இருக்கிறாய், வயிறு சரியில்லையோ என்று இப்போது கேட்கிறான். இல்லையடா, வெக்கை என்கிறேன். வெக்கையோ, நீ பிறந்ததே அடுப்புக்குள்ளதானே என்று சிரிக்கிறான். நானும் சிரிக்கிறேன். கொழும்பிலே நீ பார்த்த கடலைப் பற்றி ஏதாவது சொல்லு, மனசு கொஞ்சம் ஈரமாகட்டும் என்கிறான்.

கொழும்புக் கடல். அதை நான் எவ்வளவோ தடவை சொல்லியிருக்கிறேன். தண்டவாளம், அதற்கப்பால் கல்லுக்கல்லாகக் கரை, அதில் பட்டம் விடுகிற பிள்ளைகள், பின்னேரம் சுண்டல் விற்கிறவர். எல்லாம் பொய். நான் கொழும்பில் இருந்தது நாற்பது நாள், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில், யன்னல் சாத்தியபடி. எங்களைக் கனடாவுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரர் அங்கே வைத்துத்தான் அம்மாவுக்கும் எனக்கும் பாடம் நடத்தினார். அக்கா, வன்னி எண்டு வாயே திறக்காதேங்கோ, அங்க இருந்தனீங்கள் எண்டா எந்தப் பக்கம் நிண்டனீங்கள் எண்டு கேப்பாங்கள், பிறகு பைல் ஒரு பக்கம் நீங்கள் ஒரு பக்கம். யாழ்ப்பாணத்தில இருந்து நேர கொழும்புக்கு வந்தது, ரெண்டு வருசம் இந்த ஒழுங்கையில இருந்தது, விளங்குதோ. ஒழுங்கையின் பெயர், வீட்டு இலக்கம், வீட்டுக்காரரின் பெயர், பக்கத்தில் இருந்த பேக்கரி எல்லாம் எழுதித் தந்தார். அப்பா அதற்குள் காய்ச்சலில் போய்விட்டிருந்தார், அதனால் படிக்கவேண்டியவர்கள் அம்மாவும் நானும்தான். நான் பள்ளிக்கூடத்தில் எதையும் அவ்வளவு நன்றாகப் பாடமாக்கியதில்லை. கனடாவில் கேட்டார்கள், சொன்னேன். பட்டாலியனில் சேரும்போது இன்னும் துருவிக் கேட்டார்கள், கடந்த பத்து வருடமும் எங்கெங்கே இருந்தாய் என்று. அதே ஒழுங்கையை எழுதினேன், அதே பேக்கரி. கையெழுத்துப் போட்டேன். பொய் என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்று அந்தத் தாளின் அடியிலேயே எழுதியிருந்தது. எனக்கு நடப்பது நடக்கட்டும். அம்மா ஸ்காபரோவில் பத்தாம் மாடியில், பாஸ்போர்ட்டை அரிசி வாளிக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு இருக்கிறா, யாரோ வந்து திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்கிற மாதிரி. நான் ஒரு வசனம் சொன்னால் அந்த வாளி கவிழும். ஆறு ஐம்பத்தொன்று. டெல்மரிடம் சொல்கிறேன், கடல் அன்றைக்கு அமைதியாக இருந்தது, பட்டம் ஒன்று தண்டவாளத்தில் சிக்கிவிட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறான்.

ஏன் சேர்ந்தாய் என்று என்னை நானே கேட்காத நாள் இல்லை. அம்மா கேட்டதற்கு, நல்ல வேலை, பெருமை, படிப்புச் செலவைத் தருவாங்கள் என்றேன். இங்கே வந்தபிறகு களஞ்சியத்தில் வேலை, சப்பாத்து எண்ணிக் குடுக்கிறது, துவக்கைத் தொடுறதே இல்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். போன கிழமை போனில் கேட்டா, சப்பாத்தெல்லாம் எண்ணிப்போட்டியே, சாப்பாட்டுக்குச் சோறு தாறாங்களோ? தாறாங்கள் அம்மா. வெயிலுக்க திரியாத ராசா. இல்லை அம்மா. பொய்க்குப் பொய், எங்கள் குடும்பத்தில் கை தேர்ந்தவர்கள். உண்மையைச் சொன்னால், குழிக்குள்ளிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு ஒருமுறையாவது வானத்திலிருந்து குழியைப் பார்க்கிற பக்கம் நிற்கவேண்டும்போல இருந்தது. வரைபடம் வைத்திருக்கிறவர்களின் பக்கம். அந்தப் பக்கத்தில் பயம் இருக்காது என்று நினைத்தேன். இதோ நிற்கிறேன். பயமும் கூடவே வந்து நிற்கிறது, வரைபடத்தையும் அதுதான் வாசிக்கிறது. ரெம்பெல் நேற்றுச் சொன்னார், சனமெல்லாம் வெளிக்கிட்டாச்சு, மூன்று தரம் துண்டுப் பிரசுரம் போட்டிருக்கிறோம், உள்ளே இருப்பது முழுக்க ஆயுதக்காரர்கள். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் சொல்லப்பட்டிருக்கிறது. எங்களுக்கும் போட்டார்கள் துண்டுப் பிரசுரம். மஞ்சள் தாள். வெளியேறுங்கள் என்று எழுதியிருந்தது, எங்கே என்று எழுதியிருக்கவில்லை. அப்பாவுக்குக் காய்ச்சல், ராசமணி அக்காவுக்கு மாடு கன்று போடுகிற தவணை, நாளைக்குப் போகலாம், நாளையிண்டைக்குப் போகலாம். ராசமணி அக்கா அந்தத் தாளில் மூக்குத்தியைச் சுற்றி இடுப்பில் செருகினா. இந்தக் கிராமத்திலும் ஒரு மாடு இருக்கும், ஒரு காய்ச்சல்காரர் இருப்பார், நாளைக்குப் போகலாம் என்று ஒரு பெண்பிள்ளை நேற்றிரவு சொல்லியிருப்பாள். ஏழு மணி. ரெம்பெல் பத்து விரலையும் விரித்துக் காட்டுகிறார். பத்து நிமிடம்.

அன்றைக்கும் காலைதான். பாண் வாங்கப் போன அம்மா வரவில்லை இன்னும். முதல் ஷெல் தூரத்தில் விழுந்தது, நிரோஜா கிடுகைத் தூக்கினாள், நான் சொன்னேன், ஓடு ஓடு, உன்ர அரமணைக்கு ஓடு. பகிடிக்குத்தான் சொன்னேன். அவள் திரும்பி என்னவோ சொன்னாள், சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. என்ன சொன்னாள் என்று பத்து வருடமாக யோசிக்கிறேன். போடா என்று சொல்லியிருப்பாள், அவளுக்குத் தெரிந்த பெரிய ஏச்சு அதுதான். அல்லது நீயும் வா என்று சொன்னாளோ. இரண்டில் ஒன்றுதான். நானும் அப்பாவும் எங்கள் பங்கரில் தவளைகளோடு முழங்கால் தண்ணீரில் இருந்தோம். ஐந்தாவதோ ஆறாவதோ, நிலம் எங்களை ஒருமுறை தூக்கிப் போட்டது. வெளியே வந்து பார்த்தபோது பக்கத்து வளவில் பங்கர் இல்லை, மண் சமமாக இருந்தது. அப்பா கையால் தோண்டினார். பிறகு அயலில் இருந்தவர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள், மண்வெட்டி மெதுவாகப் போடுங்கோ, மெதுவாகப் போடுங்கோ என்று அப்பா கத்தினார். பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணி வரைக்கும். ராசமணி அக்கா, அவவின் இரண்டு பிள்ளைகள், எங்கட பிள்ளை. காயம் ஒன்றும் இல்லை, மூச்சுத்தான் இல்லை. இப்போது விளங்குகிறது, யாரோ ஒருவன் எங்கேயோ இருந்து ஒரு படத்தைப் பார்த்திருக்கிறான். நல்ல மனிதனாகக்கூட இருந்திருப்பான். வட்டம் போட்டிருக்கிறான். அவனுக்குப் பக்கத்தில் நாலடி தூரத்தில் என்னைப் போல ஒருத்தன் இருந்து, முழங்கையைத் தட்டாமல் விட்டிருக்கிறான். லொட்ஜில் ஏஜென்சிக்காரர் கேட்டார், பிள்ளையள் எத்தனை? அம்மா ரெண்டு என்றா. செத்த பிள்ளையை எழுதினா எங்க செத்தது, எப்பிடிச் செத்தது எண்டு வரும் அக்கா, வன்னி வந்திடும், ஒண்டு எண்டு எழுதுவம் என்றார். அம்மா அவரைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. பிறகு தலையை ஆட்டினா. அதன்பிறகு அம்மாவுக்கு ஒரு பிள்ளைதான். எல்லாத் தாளிலும் ஒன்று. வருகிற மாமிமார் கேட்டாலும் ஒன்று, கோயிலில் அர்ச்சனைத் துண்டிலும் என் பெயர் மட்டும்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்போல, தாடை நோகிறது. ஏழு நாலு.

தட்டிவிட்டேன். கை தானாகப் போய்த் தட்டிவிட்டது. ரெம்பெல் ஒரு பக்கத்து ஹெட்செட்டை விலக்கிக்கொண்டு குனிந்தார். "சேர், ஏழாவதை அடிக்கவேண்டாம்." "என்ன?" "அது சண்டைக் குழி இல்லை சேர். சனம் ஒளிகிற குழி. மண் மேலே இருக்கு, வாசல் குசினிப் பக்கம் இருக்கு. பக்கத்து வீட்டில இருந்து பாதை வருது, பாருங்கோ, பிள்ளையள் நடந்த பாதை." அவர் படத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். மற்றவர்களும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். "கீத், ஆறு நிமிடம்தான் இருக்கு. பீரங்கிக்காரரிட்ட நான் ஒரு காரணம் சொல்லவேணும். இது உனக்கு எப்படித் தெரியும்?" வந்துவிட்டது. பேக்கரி, ஒழுங்கை, வீட்டு இலக்கம், எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன, இப்போதும் ஒரு பொய் சொல்லலாம், புத்தகத்தில் படித்தேன் என்று சொல்லலாம், யாரோ சொல்லக் கேட்டேன் என்று சொல்லலாம். யாரோ சொன்னதற்காக ஆறு நிமிடத்தில் ஒருவரும் ஒரு வட்டத்தை அழிக்கமாட்டார்கள். "நான் அப்படி ஒன்றுக்குள்ள வளர்ந்தனான் சேர். எனக்கொரு தங்கச்சி இருந்தவள். அப்படி ஒன்றுக்குள்ளதான் செத்தவள்." ரெம்பெல் என்னை ஒரு வினாடி பார்த்தார், "நீ கொழும்பிலே எல்லோ..." என்று தொடங்கி நிறுத்தினார். "கொழும்பு பொய் சேர்." "சரி. அதைப் பிறகு கதைப்பம்," என்றார். வானொலியின் ஒலிவாங்கியை எடுத்துப் பீரங்கிக்காரரிடம் சொன்னார். என்னுடைய சிப்பாய் ஒருவன் இந்த மாதிரிக் குழியைக் கண்டவன், அவனுடைய தங்கை இப்படியான ஒன்றில் இறந்திருக்கிறாள், ஏழாவதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், என் ஆட்களை வைத்து நான் நேரில் பார்க்கிறேன், பொறுப்பு என்னுடையது. அந்த அலைவரிசையில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டிருக்கும். எங்கோ ஒரு கூடாரத்தில் ஒருத்தன் நேரம் குறித்து எழுதியும் இருப்பான். எனக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது, ஹெல்மெட் வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

மறுபக்கத்திலிருந்து பதில் வரவில்லை. ஏழு எட்டு. அவர்கள் கேட்கவில்லையோ, கேட்டும் சிரிக்கிறார்களோ. ஏழு ஒன்பது. இப்போது பயம் மறுபக்கம் புரண்டு படுத்தது. எடுத்துவிட்டார்கள் என்றால்? உள்ளே இருப்பது துவக்குக்காரன் என்றால்? டெல்மர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கும் கணக்கு விளங்கும், இடதுபக்க ஓரம் அவன். துப்புகிற போத்தலை மூடி இறுக்கித் திருகிக் காலடியில் வைத்தான். ஏழு பத்து. எங்களுக்குப் பின்னாலிருந்து இரும்பைக் கிழிக்கிற மாதிரிச் சத்தம் தலைக்கு மேலே போனது. என் உடம்பு, இருபத்தொரு வயதுக் கனேடியச் சிப்பாயின் உடம்பு, தானாகச் சுருண்டு முழங்காலுக்குள் தலையை வைத்துக்கொண்டது, வாய் ஆவென்று திறந்துகொண்டது, காது வெடிக்காமலிருக்க அப்பா பழக்கியபடி. விழுகிற ஒவ்வொன்றையும் எண்ணினேன், எண்ணமுடியவில்லை, எல்லாம் ஒன்றாக விழுந்தன. அவை போகிற பக்கத்தில் இருக்கிறேன், வருகிற பக்கத்தில் இல்லை என்று மனதுக்குச் சொன்னால் மனது கேட்கிறது, முதுகு கேட்கவில்லை. எவ்வளவு நேரமோ. யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். ரெம்பெல். "ஏழாவதைப் பட்டியலிலிருந்து எடுத்தாச்சு. உன்ரை செக்ஷன்தான் அதைப் பார்க்கவேணும். குண்டு எறியாமல்." "நான் முன்னால போறன் சேர்." "நீதான் போகவேணும்," என்றார், கோபமில்லாமல், விதைப்புக் காலம் பற்றிச் சொல்வதுபோல.

கதவு இறங்கியது. வெளிச்சம், புழுதி, மாதுளை இலை எரிகிற மணம். ஓடினேன் என்பது தெரிகிறது, எப்படி ஓடினேன் என்பது தெரியவில்லை. வாய்க்காலைத் தாண்டும்போது வலப்பக்கம் எங்கோ துவக்குச் சத்தம் கேட்டது, எங்களுக்கில்லை. டெல்மர் என் இடப்பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான், குழியின் வாய்க்கும் எனக்கும் நடுவே வராதே என்று நான் கத்தினேன். குசினிச் சுவர். கவிழ்த்து வைத்த சட்டி. ஆறேழு அடி தள்ளி, அந்த வாய். துவக்கை நீட்டிக்கொண்டு பக்கவாட்டில் குந்தினேன். உள்ளே இருட்டு, மடக்கு வரைக்கும்தான் தெரிந்தது, மடக்குக்கு அப்பால் தெரியக்கூடாது என்றுதானே மடக்கி வெட்டுகிறார்கள். பஷ்டோவில் படிப்பித்துத் தந்த மூன்று வசனங்களில் ஒன்றுகூட வரவில்லை. "வெளியில வாங்கோ, ஒண்டும் செய்யமாட்டம்" என்று தமிழில் கத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. டெல்மரின் கை இடுப்பில் இருந்த குண்டுக்குப் போவது தெரிந்தது, வேண்டாமடா என்று தலையை ஆட்டினேன், அவன் கையை எடுத்தான். அப்போது உள்ளே யாரோ இருமினார்கள். அடக்கி வைத்து அடக்கி வைத்து முடியாமல் வந்த இருமல். பிறகு ஒரு கிழவர் வந்தார், கையைத் தூக்கிக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அவருக்குப் பின்னால் முகத்தை மூடிய இரண்டு பெண்கள், ஒருத்தியின் இடுப்பில் கைக்குழந்தை. அவர்களுக்குப் பின்னால், ஆட்டுக்குட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு சிறுமி. அவள்தான் இருமியவள், இன்னும் இருமிக்கொண்டிருந்தாள். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் அறிவேன், நாங்களும் அப்படித்தான் பார்த்தோம், துவக்கோடு வருகிற எவனையும். அந்தச் சிறுமி எனக்குக் கிட்ட வந்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டு, என் நிழல் படாமல் கடந்து போனாள்.

ரெம்பெல் வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார், பொதுமக்கள், ஐந்து பேர், ஆயுதம் இல்லை. நான் குசினிச் சுவரில் சாய்ந்து இருந்துவிட்டேன். டெல்மர் பக்கத்தில் வந்து குந்தினான். தண்ணீர்ப் போத்தலைத் தந்தான். என்னை எப்படி விசாரிப்பார்கள், அம்மாவை என்ன செய்வார்கள், அரிசி வாளிக்குள் கை விடுவார்களா என்றெல்லாம் யோசிக்க இன்னும் நேரம் இருந்தது, அது எப்படியும் வரும். டெல்மர் புழுதியைக் கிளறினான். "அப்ப கடலும் பொய்தானே?" என்றான். "ஓமடா." "பரவாயில்லை, நல்ல கடல்." பிறகு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டான், "உன்ரை தங்கச்சி, அவள் எப்படி இருப்பாள், பார்க்க?" யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. பத்து வருடத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை, கேட்பதற்கு அவள் இருந்ததே ஒருவருக்கும் தெரியாது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சொல்லுவதற்கு எவ்வளவோ இருக்கிறது என்று வாயைத் திறந்தேன். கிடுகைத் தூக்குகிற கை தெரிந்தது, புழுதி படிந்த குதிக்கால் தெரிந்தது, திரும்புகிறாள், என்னவோ சொல்கிறாள், அந்த இடத்தில் முகம் இல்லை. திரும்பவும் முதலிலிருந்து தேடினேன். அவளுடைய படம் ஒன்றும் கொண்டுவரவில்லை நாங்கள், லொட்ஜிலேயே எரித்துவிட்டோம். டெல்மர் காத்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறந்தபடியே இருந்தேன்.